பழைய நகர மையத்தில் ஒரு சிறிய ஸ்பெஷாலிட்டி காபிக் கடை: தேடிப் போவதிலிருந்து கொட்டை வாங்கித் திரும்புவது வரை

நூற்றாண்டுகள் கடந்த நகரங்களின் மையப் பகுதியில், சந்தைச் சதுக்கத்திலிருந்து பிரியும் ஏதாவது ஒரு சந்தில், பத்துப் பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் சிறிய காபிக் கடையொன்று இருக்கும். அதன் பட்டியலில் வரிகள் குறைவு. ஆனால் அந்தச் சில வரிகளில் காபி விளைந்த ஊர், தோட்டம் அமைந்த உயரம், பழத்தைப் பதப்படுத்திய முறை என்று மற்றக் கடைகளில் காணாத விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். முதன்முறையாக நுழைபவர்கள் பலர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தயங்கி, தெரிந்த ஒரே பெயரான கப்புச்சினோவைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கப்புச்சினோ நல்ல பானம்தான். ஆனாலும் அந்தக் கடை எதற்காக அங்கே நடத்தப்படுகிறதோ அதைச் சுவைக்காமலே அவர்கள் திரும்பிவிடுகிறார்களே என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு விளக்கம். ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற சொல்லை 1974ஆம் ஆண்டு ஒரு வணிக இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எர்னா நூட்சன் என்னும் காபி வணிகர். குறிப்பிட்ட நிலமும் அதன் தட்பவெப்பமும் குறிப்பிட்ட சுவையைத் தருகின்றன என்பதே அவர் சொல்ல வந்தது. பின்னர் அதற்கு ஓர் அளவுகோலும் வந்தது: பயிற்சி பெற்ற சுவைஞர்கள் மாதிரிகளை வரிசையாக வைத்துச் சுவைத்து 100க்கு மதிப்பெண் இடுவார்கள், 80 அல்லது அதற்கு மேல் பெற்றதே ஸ்பெஷாலிட்டி. ஆகவே அந்தச் சொல் கடையின் அலங்காரத்தையோ பால் நுரையில் வரையும் இலை வடிவத்தையோ குறிப்பதில்லை. கொட்டையின் தரத்தைக் குறிக்கிறது.

1. கடையைத் தேர்ந்தெடுத்தல்

சுற்றுலாப் பயணிகள் திரளும் பழைய நகர மையத்தில் காபிக் கடைகளுக்குப் பஞ்சமிருக்காது. அவற்றில் உண்மையான ஸ்பெஷாலிட்டி கடையை அடையாளம் காண நான் மூன்றே விஷயங்களைப் பார்ப்பேன். கொட்டைப் பைகளில் வறுத்த தேதி அச்சிடப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. ‘இதற்குள் பயன்படுத்தவும்’ என்ற தேதி மட்டும் இருந்தால், அந்தக் காபி எப்போது வறுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிய வழியில்லை. நாட்டின் பெயரோடு நில்லாமல் வட்டாரம், கூட்டுறவு நிலையம் அல்லது தோட்டத்தின் பெயர்வரை எழுதியிருக்கிறார்களா என்பது இரண்டாவது. மூன்றாவது, பட்டியல் பருவத்துக்குப் பருவம் மாறுகிறதா என்பது. காபியும் ஒரு பழமரத்தின் விளைச்சல்தான். எத்தியோப்பியாவில் அறுவடை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலும், பிரேசிலில் மே முதல் செப்டம்பர் வரையிலும் நடக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே தோட்டத்துக் காபியை மாற்றாமல் விற்கும் கடையில் பழைய சரக்கு இருக்க வாய்ப்புண்டு.

கடைக்குள்ளேயே வறுக்கிறார்களா என்பதை நான் ஒரு தகுதியாகக் கொள்வதில்லை. வறுக்கும்போது எழும் புகையை வெளியேற்றப் புகைப்போக்கி வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களில் அதை அமைப்பதற்கு எளிதில் அனுமதி கிடைக்காது. அதனால் இத்தகைய கடைகளில் பல, நகரத்துக்கு வெளியே வறுத்துக் கொண்டுவருகின்றன, அல்லது நம்பகமான வறுவல் நிலையத்திடம் வாங்குகின்றன.

2. நேரமும் வழியும்

காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாக வாங்கிச் செல்லும் நேரத்தையும், மதிய உணவுக்குப் பிந்தைய கூட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். முற்பகல் பத்தரை மணி வாக்கிலோ மூன்று மணிக்குப் பிறகோ போனால், காபி போடுபவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். இந்த ஒரு முடிவுதான் அந்த வருகை எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கடை மூடும் நேரத்துக்குச் சற்று முன்பே இயந்திரங்களைக் கழுவத் தொடங்கிவிடுவது வழக்கம் என்பதால், கடைசி அரைமணி நேரத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறிய கடைகளுக்கு வார விடுமுறை உண்டு. அது பெரிய கடைகளின் விடுமுறை நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

வழியைப் பொறுத்தவரை, கைபேசி வரைபடத்தை முழுவதுமாக நம்ப வேண்டாம். உயரமான சுவர்களுக்கு இடையே உள்ள குறுகிய சந்துகளில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், நீங்கள் நிற்கும் இடத்தைக் கருவி பக்கத்துத் தெருவில் காட்டும். ஒருமுறை அப்படி ஒரு கடையின் பின்சுவரை இரண்டு முறை சுற்றி வந்த பிறகு, வறுவல் மணத்தைப் பின்தொடர்ந்தே வாசலைக் கண்டுபிடித்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு மட்டுமே பெயர்ப்பலகையாக இருந்தது. பழமை காக்கும் விதிகள் உள்ள இடங்களில் பெரிய பலகையும் ஒளிவிளக்கும் வைக்க முடியாது. அதனால் கதவு எண்ணையும், அருகில் உள்ள கோபுரம் அல்லது நீரூற்றின் பெயரையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பல நகரங்களில் மையப் பகுதிக்குள் வெளியார் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. தெரியாமல் நுழைந்தால் கேமரா படம்பிடித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. கற்கள் பதித்த தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவது சிரமம். அதைவிட, போய்ச் சேர்ந்த பின் அந்தப் பெட்டியை வைக்கக் கடையில் இடமிருக்காது. சக்கர நாற்காலியில் வருபவரோ குழந்தை வண்டியோடு வருபவரோ உங்களுடன் இருந்தால், வாசலில் எத்தனை படி என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கழிப்பறை இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்கலாம். இல்லாத கடைகள் நிறைய உண்டு. இரண்டு பேராகப் போவது சிறந்தது. நான்கு பேருக்கு மேல் போனால், கடையில் பாதி உங்களுடையதாகிவிடும்.

போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காரமான உணவையும், புதினா மணமுள்ள மிட்டாய், சூயிங்கம் போன்றவற்றையும் தவிர்த்தால் நாக்கு தெளிவாக இருக்கும். வெறும் வயிற்றிலும் போகாதீர்கள்.

3. உள்ளே நுழைந்ததும்

உடனே நாற்காலியைத் தேடாமல் ஒரு நிமிடம் ஓரமாக நில்லுங்கள். கவுன்டரில் சொல்லிவிட்டு உட்காரும் இடமா, உட்கார்ந்த பின் வந்து கேட்கும் இடமா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கவுன்டரை ஒட்டிய இருக்கை காலியாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சன்னலோரத்து இருக்கையைவிட அது மேலானது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் தயாரிப்பு முழுவதையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும். குடிநீர் வைத்திருந்தால் முதலில் அதைக் குடியுங்கள்.

நகர மையத்துக்கும் காபிக் கடைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. லண்டனில் முதல் காபிக் கடை 1652ஆம் ஆண்டு, வணிகர்கள் கூடும் பகுதியில் இருந்த ஒரு சந்தில்தான் தொடங்கப்பட்டது. வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்தில் 1720இல் திறக்கப்பட்ட ஃப்ளோரியன் இன்றும் நடக்கிறது. கப்பல் காப்பீட்டுக்குப் பெயர்பெற்ற லாயிட்ஸ் நிறுவனமும், எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில் கப்பல் செய்தி கேட்க வந்தவர்களிடமிருந்து வளர்ந்ததே. குறுகிய இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் அருகருகே உட்கார்ந்து பேசியதால் உருவான மரபு அது. கவுன்டரில் உட்கார்வதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

4. பட்டியலை வாசித்தல்

பட்டியலில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, இயந்திர அழுத்தத்தில் சிறிதளவாக இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரெசோவையும் அதில் பால் சேர்த்துச் செய்யும் பானங்களையும் கொண்டது. மற்றொன்று தாள் வடிகட்டியில் கையால் வெந்நீர் ஊற்றி வடிப்பது; அது ‘போர் ஓவர்’ என்றோ ‘வி60’, ‘கெமெக்ஸ்’ போன்ற கருவியின் பெயராலோ குறிக்கப்பட்டிருக்கும். வி60 என்பதில் உள்ள எண், அந்தக் கூம்பின் 60 பாகைக் கோணத்தைக் குறிக்கிறது. தாள் வடிகட்டியின் தொடக்கம் ஓர் இல்லத்தரசியின் சமையலறையில் இருந்தது: ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ், மகனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த மையொற்றுத் தாளைத் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்துப் பார்த்து, 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டலும் எண்ணெய்ப் பசையும் தாளில் தங்கிவிடுவதால், அப்படி வடித்த காபி தேநீர்போலத் தெளிவாக இருக்கும். கொட்டையின் இயல்பான சுவை மறைக்கப்படாமல் வெளிப்படும்.

அடுத்து, ஒவ்வொரு காபியின் பெயருக்கும் கீழே உள்ள விவரங்கள். அவற்றில் மிக முக்கியமானது பதப்படுத்திய முறை என்று நான் கருதுகிறேன். சுவையை முன்கூட்டியே ஊகிக்க நாட்டின் பெயரைவிட அது அதிகம் உதவுகிறது. ‘வாஷ்டு’ என்றால் பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, கொட்டையை நீரில் கழுவி உலர்த்தியது. தெளிவான, எலுமிச்சை போன்ற இனிய புளிப்பு அதில் மேலோங்கும். ‘நேச்சுரல்’ என்றால் பழத்தை முழுதாகவே வெயிலில் உலர்த்திப் பிறகு கொட்டையை எடுத்தது. பழுத்த பெர்ரியின் மணமும், சில சமயம் ஒயின் போன்ற நெடியும் இருக்கும். ‘ஹனி’ இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் தேன் எதுவும் சேர்ப்பதில்லை. தோலை நீக்கிய பின் பிசுபிசுப்பான சதைப்பற்றைக் கொட்டையில் விட்டே உலர்த்துவதால் வந்த பெயர். ‘அனரோபிக்’ என்று எழுதியிருந்தால், காற்றுப் புகாத கலனில் புளிக்கவைத்தது என்று பொருள். அதன் சுவை தீவிரமானது. முதல் வருகைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடல் மட்டத்திலிருந்து உயரம் மீட்டரில் இருக்கும். வெப்பமண்டலத்தில் 1,500 மீட்டருக்கு மேல் உள்ள தோட்டங்களில் குளிர்ச்சியால் பழம் மெதுவாக முதிர்கிறது. கொட்டை அடர்த்தியாகிறது, புளிப்பும் மணமும் கூர்மையாகின்றன. மரத்தின் ரகமும் குறிக்கப்பட்டிருக்கலாம்: போர்போன், டிபிக்கா, கென்யாவின் எஸ்எல்28 போன்றவை. ‘கெய்ஷா’ என்ற பெயர் இருந்தால் விலை நிச்சயம் அதிகமாக இருக்கும். எத்தியோப்பியாவிலிருந்து வந்த அந்த ரகம், 2004இல் பனாமாவில் நடந்த போட்டியிலும் ஏலத்திலும் எல்லோரையும் வியக்கவைத்த பிறகே உலகப் புகழ் பெற்றது. மல்லிகை மணம் கமழும் அந்தக் காபி அருமையானதுதான், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு காபிகளை நாக்கு அறிந்த பிறகு அருந்தினால்தான் அதன் தனித்தன்மை புரியும்.

கடைசி வரியில் ‘பீச், கறுப்புத் தேநீர், தேன்’ என்பதுபோல எழுதியிருப்பார்கள். இவை காபியில் சேர்க்கப்பட்ட பொருள்கள் அல்ல. சுவைத்தவர் நினைவுக்கு வந்த ஒப்புமைகள். அவை உங்களுக்குத் தட்டுப்படாவிட்டால் குறை உங்களிடம் இல்லை.

5. கேட்பதும் சொல்வதும்

என் பரிந்துரை எளிமையானது: முதல் கோப்பையாக, வாஷ்டு முறையில் பதப்படுத்திய ஒரே தோட்டத்துக் காபியைக் கையால் வடித்துத் தரச் சொல்லுங்கள். எந்தக் காபி என்று தெரியாவிட்டால், ‘எனக்குக் கசப்பு குறைவாகவும் இனிப்பு தெரியும்படியாகவும் இருந்தால் பிடிக்கும், இன்று உங்களிடம் எது நன்றாக வந்திருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘எது சிறந்தது?’ என்று கேட்பதைவிட ‘இன்று எது?’ என்று கேட்பது நல்லது. ஒரே கொட்டையின் சுவை, வறுத்த நாளிலிருந்து வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அதைக் காலையில் சுவைத்துப் பார்த்து அரைவையைச் சரிசெய்தவர் உங்கள் எதிரில் நிற்கிறார்.

பால் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். எஸ்பிரெசோவின் சுவை பாலில் கரைந்துவிடாமல் இருக்க, சிறிய கோப்பையில் வரும் கோர்ட்டாடோ அல்லது ஃப்ளாட் வைட் பொருத்தமானது. பாலை 55 முதல் 65 டிகிரி வரை மட்டுமே சூடாக்குவார்கள். 70ஐத் தாண்டினால் இனிமை குறைந்து, காய்ச்சிய வாடை வந்துவிடும். எனவே ‘கொதிக்கக் கொதிக்க’ என்று கேட்காமல் இருப்பது உங்கள் கோப்பைக்கே நல்லது.

தூக்கத்தைப் பற்றிய கவலை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. மாலையில் போனால் காஃபீன் நீக்கிய ‘டீகாஃப்’ காபியைக் கேட்கலாம். நல்ல கடைகளில் அதுவும் கவனமாகத் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும்.

6. தயாரிப்பைக் கவனித்தல்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பாரிஸ்டா, அதாவது காபி போடுபவர், முதலில் கொட்டையைத் தராசில் எடைபோடுவார். ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்பது வழக்கமான அளவு, அதற்கு 250 கிராம் தண்ணீர். அரைத்தவுடன் அந்தத் தூளை உங்களிடம் நீட்டினால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். காபியின் மணம் மிகச் செறிவாக இருப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். பிறகு வெறும் தாளின் மேல் வெந்நீர் ஊற்றி அதை நனைத்துக் கீழே கொட்டுவார். தாளின் வாடை போகவும் பாத்திரம் சூடேறவும் செய்யும் வேலை அது.

அதன்பின் 92 முதல் 96 டிகிரி வரை சூடான நீரைத் தூளின் மேல் சிறிதளவு, தூளின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு மட்டும் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்போது தூளைப் பாருங்கள். நடுவில் மெல்ல உப்பி, மேல்பரப்பில் சிறு குமிழிகள் தோன்றி உடையும். சேறு மூச்சுவிடுவதைப்போல இருக்கும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. அது வெளியேறாவிட்டால் தண்ணீர் தூளுக்குள் சீராக இறங்காது. நன்றாக உப்பினால் கொட்டை அண்மையில் வறுத்தது. சலனமே இல்லாமல் தண்ணீர் அப்படியே இறங்கினால் பழையதாக இருக்கலாம். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி கழித்து, மெல்லிய தாரையாக வட்டமிட்டு மீதி நீரை ஊற்றுவார். மொத்தம் மூன்று நிமிடத்தை ஒட்டி வடிந்து முடியும். அவர் தண்ணீர் ஊற்றும்போது கேள்வி கேட்காமல் இருங்கள். கவனமெல்லாம் தராசின் எண்ணிலும் கடிகாரத்திலும் இருக்கும். வடிந்து முடிந்ததும் அவராகவே பேசுவார்.

எஸ்பிரெசோ என்றால் எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்: சுமார் 18 கிராம் தூளின் வழியே 9 பார் அழுத்தத்தில் நீர் பாய்ந்து, 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் அளவில் டிகாஷன் இறங்கும். முதலில் வந்ததைச் சுவைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டு இன்னொன்று போட்டால், அதை வீணடிப்பாக நினைக்க வேண்டாம். உங்களுக்குத் தரத் தகுதியில்லை என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

7. அருந்துதல்

வடித்த காபியைக் கொண்டுவந்து வைத்ததும் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சூட்டில் நாக்குக்கும் சூட்டைத் தவிர எதுவும் தெரிவதில்லை. மூன்று நான்கு நிமிடம் மணத்தை மட்டும் அனுபவியுங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கை மிதமான சூட்டிலும், இன்னொரு பங்கை வெதுவெதுப்பாகவும், கடைசிப் பங்கை ஏறக்குறைய ஆறிய பிறகும் குடியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள முடியுமென்றால், இதையே கொள்ளுங்கள்.

ஏன் என்பதற்கு ஓர் அனுபவம். எத்தியோப்பியாவின் யிர்கச்செஃபே வட்டாரத்துக் காபி ஒன்றை முதன்முறை குடித்தபோது, சூடாக இருக்கையில் எலுமிச்சைத் தோலின் மணம் மட்டுமே தெரிந்தது. சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த மணம் பின்வாங்கி, பீச் பழத்தைக் கடித்ததைப்போன்ற ஓர் இனிப்பு நாக்கின் இருபுறமும் பரவியது. பேச்சுவாக்கில் கோப்பையை மறந்து, கால்மணி நேரம் கழித்து அடியில் இருந்ததை எடுத்துக் குடித்தேன்: தேன் கலந்த தேநீர். ஒரே கோப்பை, ஒரே வடிப்பு. மற்றக் கடைகளில் ஆறிய காபியைக் கீழே கொட்டிப் பழகிய எனக்கு, நல்ல காபி ஆறும்போதுதான் தன்னை முழுதாகக் காட்டுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

புளிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பழத்தில் இருப்பதுபோன்ற புளிப்பு, இனிப்போடு சேர்ந்து வந்தால் அது தரத்தின் அடையாளம். முகம் சுளிக்கவைத்து, உப்புக்கரித்து, சட்டென்று மறைந்துவிடும் புளிப்பு வேறு. தூளிலிருந்து சாரம் போதிய அளவு நீரில் இறங்கவில்லை என்பதை அது காட்டுகிறது. தொண்டையில் வறட்சியாக ஒட்டிக்கொள்ளும் கசப்பு, அளவுக்கு மீறி இறங்கியதைக் காட்டுகிறது. அப்படித் தோன்றினால் பணிவாகச் சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் உங்கள் கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்ப்பார். சர்க்கரை சேர்ப்பது உங்கள் உரிமை. முதல் மூன்று மிடறுகள் மட்டும் சேர்க்காமல் குடித்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

8. இடத்துக்கான மரியாதை

பத்து இருக்கைகள் கொண்ட கடையில் ஒருவர் ஒரு கோப்பையோடு மூன்று மணி நேரம் மடிக்கணினியில் வேலை செய்தால், அன்றைய வாடகையில் ஒரு பங்கு போய்விடும். நகர மையத்து வாடகையைத் தாங்குவதே இக்கடைகளின் பெரும் போராட்டம் என்பதால், ஆட்கள் காத்திருந்தால் இடம் விட்டுக்கொடுங்கள். கோப்பையைப் படமெடுப்பதில் தவறில்லை; மற்றவர்களும் பாரிஸ்டாவும் படத்தில் வருவதானால் கேட்டுவிட்டு எடுங்கள். பழைய கட்டடத்தின் வளைவுக் கூரையும் கல்தரையும் ஒலியை எதிரொலிக்கும், ஆகவே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

9. கொட்டை வாங்குதல்

பிடித்த காபியை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால், நீங்கள் குடித்த அதே காபியின் 200 அல்லது 250 கிராம் பை போதும். வறுத்த தேதியைப் பாருங்கள்: ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆனது நல்லது. நேற்று வறுத்ததென்றால் சில நாள் திறக்காமல் வைத்திருங்கள். வாயு முழுவதும் வெளியேறாத நிலையில் சுவை சீராக வராது. பையில் பொத்தான்போல இருக்கும் சிறு வால்வு, உள்ளிருக்கும் வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்கானது. அதை அழுத்தி அழுத்தி முகர்ந்தால் கொட்டையின் மணத்தை வீணாக வெளியேற்றுகிறீர்கள். வீட்டில் அரைவை இயந்திரம் இல்லையென்றால் கடையிலேயே அரைத்து வாங்கலாம், ஆனால் எந்தக் கருவியில் போடப்போகிறீர்கள் என்பதைச் சொல்லியே தீர வேண்டும். அரைத்த தூளை ஒன்றிரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பையைச் சமையலறையில் அடுப்பருகே வைக்காமல், வெயில் படாத அலமாரியில் வாயை இறுக மூடி வையுங்கள்.

புறப்படும் முன், அன்று உங்களுக்கு வடித்த தூளின் எடை, நீரின் அளவு, வெப்பம், நேரம் ஆகிய நான்கையும் கேட்டுப் பையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பையில் ஏறக்குறைய 98 விழுக்காடு தண்ணீர்தான் என்பதால், அவர்கள் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக் கேளுங்கள். அதே அளவில் போட்டும் வீட்டில் சுவை மாறினால், முதலில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். அரைவையில் கைவைப்பது அதற்குப் பிறகு.